பால் பைத்தான் நிற வகைகள்: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பின், வெள்ளையும் மஞ்சளும் கலந்த குட்டி ஒன்றின் காணொளி கைப்பேசிக்கு வந்து சேர்ந்ததுமே கேள்விகள் தொடங்கிவிடும். கேட்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் தெம்பனிஸ் வீட்டிலேயே வளர்க்க முடியுமா என்று பார்க்கிறார். மற்றவர் படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் இருக்கிறார். அங்கே ஒன்று வாங்கிவிட்டார், அல்லது வாங்கப்போகிறார். முதலாமவருக்கான பதில் சுருக்கம். பக்கத்தின் பெரும்பகுதி இரண்டாமவருக்கு.

சிங்கப்பூரில் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. வீவக வீடு, தரைவீடு என்ற வேறுபாடு இல்லை. காட்டில் பிடித்ததா, கூண்டில் பிறந்ததா, என்ன நிறம் என்பவையும் பொருட்டில்லை. தேசியப் பூங்காக் கழகம் அனுமதிக்கும் செல்லப்பிராணிகளில் பாம்பு என்று எதுவுமே கிடையாது. ஊர்வனவற்றில் சிவப்புக்காது ஆமை போன்ற ஓரிரண்டோடு கதை முடிந்துவிடும். இதில் இரண்டு சட்டங்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று வனவிலங்குச் சட்டம். மற்றொன்று அருகிவரும் உயிரினங்களின் இறக்குமதி, ஏற்றுமதி பற்றிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம். மலைப்பாம்புக் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், அனுமதியில்லாமல் கொண்டுவருவது கடத்தல். அபராதத்தோடு சிறைக்கும் இடமுண்டு.

டெலிகிராமில் விற்கிறார்களே? கூண்டில் பிறந்தது, பத்திரம் இருக்கிறது என்கிறார்களே?

எந்த நாட்டுப் பத்திரமாக இருந்தாலும் சிங்கப்பூர் வீட்டில் வைத்திருக்க உரிமை தராது. விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குபவருக்கும் வழக்கு வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளித்து வளர்க்கப்படும் பாம்புக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோகத் துணிவு வராது. அது அலமாரிக்குள்ளேயே மெல்லச் செத்துப்போகும்.

ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தால்?

தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைத்து ஒப்படையுங்கள். இரவோடு இரவாகப் புக்கிட் தீமா காட்டில் விட்டுவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். அனுமதியின்றி விலங்கை வெளியே விடுவது தனிக் குற்றம். தவிர, கூண்டில் வளர்ந்த வெள்ளைப் பாம்பு காட்டில் எதற்குள்ளும் மறைய முடியாது. அதன் உடம்பில் உண்ணியோ வைரஸோ இருந்தால் இங்கே இயல்பாக வாழும் மலைப்பாம்புகளுக்கும் தொற்றலாம்.

ஜோகூர் பாருவில் மாமா வீட்டில் வைத்துக்கொண்டு வாரக்கடைசியில் போய்ப் பார்க்கலாமா?

அது மாமா பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மலேசியாவில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் அவருக்கு வேண்டும். உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: பாம்பு கடற்பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது, ஒரு நாளுக்குக்கூட.

எந்த நாடுகளில் வளர்க்கலாம்?

பிரிட்டனில் பால் பைத்தானுக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் விலங்கு நலச் சட்டப்படி அதைச் சரியாகப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மாணவர் விடுதிகள் பெரும்பாலும் விடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். ஹவாயில் எந்தப் பாம்பும் கூடாது. நியூசிலாந்திலும் அப்படித்தான். பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டியது: ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பாம்பு வளர்க்க முடியாது, பால் பைத்தானும் வெளிநாட்டுப் பாம்புதான். அங்கே உரிமம் பெற்று வளர்க்கப்படுபவை அந்நாட்டுக்கே உரிய கார்ப்பெட் பைத்தான் போன்றவை.

பெயரிலேயே பால் இருக்கிறதே, பால் குடிக்குமா?

இது பசும்பால் இல்லை, பந்து. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது நேரும் குழப்பம். பயந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் வந்த பெயர். பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. செனகலிலிருந்து உகாண்டா வரை. பெனின் நாட்டின் உய்தா நகரில் இதற்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. புற்றுக்குப் பால் வார்க்கும் நமக்கு அது வியப்பாக இருக்காது. ஆனால் புற்றில் இருந்தாலும் கூண்டில் இருந்தாலும் பாம்புக்குப் பால் உணவில்லை. தண்ணீரும் எலியும்தான்.

வளர்ந்த பெண் பாம்பு 120 முதல் 150 செ.மீ. வரை இருக்கும், ஆண் சற்றுச் சிறியது. ஆயுள் 20 முதல் 30 ஆண்டு. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குத் தோட்டத்துக்கு 1961-இல் வந்த ஒரு பெண் பாம்பு, 60 வயதைத் தாண்டிய பிறகு 2020-இல் முட்டையிட்டது. இரண்டு ஆண்டுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர் இந்த எண்களை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மார்ஃப் என்றால் என்ன? தனி இனமா?

இல்லை. எல்லாம் ஒரே இனம். தோலின் நிறத்தையோ கோலத்தையோ மாற்றும் மரபணு வேறுபாட்டைத்தான் மார்ஃப் என்கிறார்கள். ஆல்பினோவில் கருநிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி வேலை செய்வதில்லை; கருமை போய் மஞ்சளும் வெள்ளையும் மிஞ்சுகின்றன. 1992-இல் அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க் கூண்டில் ஆல்பினோ குட்டிகளைப் பொரிக்கச் செய்ததிலிருந்துதான் இந்த நிற வேட்டை சூடுபிடித்தது. 1997-இல் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பைபால்ட், 1999-இல் ஸ்பைடர் என்று வரிசையாக வந்தன. இன்று ஐந்தாறு மரபணுக்களை ஒரே பாம்பில் சேர்க்கிறார்கள்.

பராமரிப்பு எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான். ஆல்பினோவும் வெள்ளை வகைகளும் மட்டும் பளிச்சென்ற வெளிச்சத்தைத் தாங்காது. அவற்றுக்கு நிழலும் பதுங்கிடமும் கூடுதலாக வேண்டும்.

விளம்பரங்களில் வரும் ஹெட், சூப்பர், 66 விழுக்காடு ஹெட் இவையெல்லாம் என்ன?

குட்டிக்குத் தாயிடமிருந்து ஒரு மரபணுப் பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வரும். ஆல்பினோ, பைபால்ட், கிளவுன், அக்ஸாந்திக் ஆகியவை ஒடுங்கு பண்புகள்; இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் பாம்பு சாதாரணப் பழுப்பாகவே இருக்கும், உள்ளே நிறத்தைச் சுமக்கும். அதுதான் ஹெட்.

ஹெட் ஆணும் ஹெட் பெண்ணும் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் கால்பங்கு வாய்ப்பு நிறக்குட்டி, அரைப்பங்கு ஹெட், கால்பங்கு வெறும் சாதாரணம். நிறமில்லாத குட்டிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அந்த மூன்று பங்கில் இரண்டு பங்கு ஹெட் என்பதால் அவற்றை 66 விழுக்காடு ஹெட் என்று விற்கிறார்கள். அதாவது நீங்கள் வாங்கும் குட்டியில் அந்த மரபணு இல்லாமலிருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. பாம்பில் 66 விழுக்காடு ஆல்பினோ கலந்திருக்கிறது என்று பொருளில்லை. இதை நம்பி வாங்கியவர்கள் உண்டு.

கால்பங்கு என்றதும் நாலு முட்டைக்கு ஒன்று உறுதி என்று கணக்குப் போட வேண்டாம். ஆறு முட்டை இட்டும் ஒரு ஆல்பினோகூட இல்லாமல் போக ஏறத்தாழ 18 விழுக்காடு வாய்ப்பு. நாலே முட்டை என்றால் 32 விழுக்காடு.

பேஸ்டல், மோஹாவே, லெஸ்ஸர், எஞ்சி, சின்னமன் ஆகியவை வேறு கணக்கு. ஒரு பிரதியிலேயே நிறம் தெரியும். இரண்டு சேர்ந்தால் இன்னொரு தோற்றம் வரும். அந்த இரண்டாவதுதான் சூப்பர். மோஹாவே இரண்டு பிரதி சேர்ந்தால் உடல் வெளுத்துக் கண் நீலமாகிவிடும். பனானா மட்டும் தனிப்போக்கு. அதன் மரபணு பாலினக் குரோமோசோமில் இருப்பதால், அதை அப்பனிடமிருந்து பெற்ற ஆண் பனானாவின் நிறக்குட்டிகள் பெரும்பாலும் ஆணாகவே பிறக்கும். தாயிடமிருந்து பெற்றதென்றால் பெரும்பாலும் பெண்.

தவிர்க்க வேண்டிய நிறங்கள் உண்டா?

உண்டு. வாங்குமுன் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஸ்பைடர் பார்க்க அழகு. மெல்லிய கருங்கோடுகள் வலைபோல் ஓடும். ஆனால் ஸ்பைடர் மரபணு உள்ள எல்லாப் பாம்புக்கும் ஏதோ ஓர் அளவில் தலை தள்ளாட்டம் இருக்கும். சிலதில் மெல்லிய நடுக்கம். சிலதில் தலை திருகிக்கொண்டு மேலே போகும், எலியைக் குறி பார்த்துத் தவறவிடும், மல்லாந்துபோனால் நிமிரத் தெரியாது. பசி, இடமாற்றம், கையில் எடுப்பது எல்லாம் அதைக் கூட்டும். உட்காதின் எலும்பறை வளர்ச்சியே குறைபட்டிருப்பதை 2022-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. உடலின் சமநிலையை உணரும் பகுதி அது. நல்ல வளர்ப்பாளரிடம் வாங்கினால் இருக்காது என்பார்கள். நிறத்தையும் தள்ளாட்டத்தையும் தருவது ஒரே மரபணு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க முடிந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால் விளம்பரத்தில் ஸ்பைடர் என்ற சொல்லே இருக்காது. ஸ்பைடரும் பேஸ்டலும் சேர்ந்தது பம்பிள்பீ. சூப்பர் பேஸ்டலோடு சேர்ந்தால் கில்லர்பீ. பின்ஸ்ட்ரைப்போடு சேர்ந்தால் ஸ்பின்னர். ஆகவே பெயரைக் கேட்டு விட்டுவிடாமல், எந்தெந்த மரபணு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ஷாம்பெயின் வகையிலும் தள்ளாட்டம் உண்டு.

சூப்பர் சின்னமன், சூப்பர் பிளாக் பேஸ்டல் வகைகளில் முதுகெலும்பு வளைவும் வாத்து மூக்குபோன்ற முகமும் வரலாம். கேரமல் ஆல்பினோவிலும் முதுகு வளைவு அடிக்கடி. சூப்பர் லெஸ்ஸரில் கண் பிதுங்கி நிற்கலாம். டெஸர்ட் பெண் பாம்புகள் இனப்பெருக்கத்துக்கு உதவாது. முட்டை உள்ளே சிக்கிச் செத்தவை உண்டு.

முதல் பாம்புக்குப் பேஸ்டல், கிளவுன், பைபால்ட், பின்ஸ்ட்ரைப், ஆல்பினோ இவற்றில் ஒன்று போதும். ஒரு எச்சரிக்கை: குட்டியில் பார்க்கும் நிறம் நிலைக்காது. பேஸ்டலின் மஞ்சள் வளர வளரப் பழுப்பேறும்; பனானாவில் கரும்புள்ளிகள் தோன்றும். தாய் தந்தையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடைசியாக எந்தெந்தத் தேதியில் என்ன தின்றது என்ற குறிப்பு. குறைந்தது ஐந்து முறை தொடர்ந்து தின்ற குட்டியையே எடுங்கள். உறைந்து உருகிய எலியைத் தின்கிறதா, உயிரெலிக்குப் பழகிவிட்டதா என்பதையும் கேளுங்கள். பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பு வட்டமாக இருக்க வேண்டும், முதுகெலும்பு கத்திபோல் துருத்தக்கூடாது. மூக்கில் குமிழி, வாயோரம் சளி, கழிவுத் துளையைச் சுற்றிக் காய்ந்த அழுக்கு, கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள் போன்ற புள்ளிகள், இவற்றில் எது இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று வாங்குவதுதான் விலையுயர்ந்த தவறு. கூண்டில் பிறந்ததா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா என்பதும் முக்கியம். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வரும் குட்டிகள் குடற்புழுவோடும் உண்ணியோடும் வந்து சேரலாம்.

வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதியதை வேறு அறையில் 90 நாள் வையுங்கள். முதலில் பழைய பாம்பைக் கவனித்துவிட்டுக் கடைசியில் புதியதைத் தொடுங்கள்.

கூண்டு எவ்வளவு பெரியது?

வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். குட்டிக்கு 60 செ.மீ. நீளம் போதும். பெரிய கூண்டில் குட்டி பயந்து தின்னாது என்று சொல்வதில் பாதி உண்மை, பயமுறுத்துவது வெறுமைதான். செயற்கை இலை, மரப்பட்டை, அட்டைக் குழல் என்று நெருக்கமாக நிரப்பினால் பெரிய கூண்டிலும் தின்னும்.

பதுங்கிடம் இரண்டு வேண்டும், ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி, உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கம். ஒன்றே ஒன்று வைத்தால் பாம்பு சூடா ஒளிவா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது ஒளிவைத்தான் தேர்ந்தெடுக்கும், செரிமானம் கெடும். முழு உடலும் மூழ்கும் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று. கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு. மூடியை நெம்பித் தப்புவதில் இவை கைதேர்ந்தவை. விரலளவு இடைவெளி குட்டிக்குப் போதும். ஒரு கூண்டுக்கு ஒரு பாம்பு. ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது பாசமில்லை, சூடான இடத்துக்கான போட்டி.

சூடு எவ்வளவு? எதை வாங்குவது?

சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் 24-க்குக் கீழே போகக்கூடாது. அதாவது நம் ஊர்ப் பகலும் நம் ஊர் இரவும். ஏர்கான் இல்லாத சிங்கப்பூர் அறையில் இந்தப் பாம்புக்கு ஹீட்டரே தேவைப்பட்டிருக்காது என்பது வேடிக்கை. பிரிட்டனின் லீட்ஸ் நகரில் ஜனவரி மாத அறை வேறு உலகம்.

மேலிருந்து சூடு தருவது நல்லது: பகலில் ஹாலஜன் விளக்கு, இரவில் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர். கூண்டுக்குள் தொங்கினால் கம்பிவலைக் கவசம் கட்டாயம். பாம்பு சூடான பல்பைச் சுற்றிக்கொண்டு, தோல் வெந்தும் விலகாமல் கிடக்கும். சிவப்பு விளக்கு வேண்டாம். சூடாக்கும் கல்லும் வேண்டாம். அது ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும்.

எந்த ஹீட்டரானாலும், சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகாதீர்கள். தெர்மோஸ்டாட் இருந்தும் நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் அதன் உணர்முனை. பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த மூலையில் போட்டுவிடும். கூண்டு இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஹீட்டர் முழுவேகத்தில் ஓடும். முனைமேல் தண்ணீர் சிந்தினாலும் அதே தவறு. பசைநாடா வேண்டாம், உரியும்போது தோலோடு வரும்; சுவரில் கொக்கி அடித்துக் கம்பியைக் கட்டுங்கள். சூடாக்கும் விரிப்பு பயன்படுத்தினால் உணர்முனை விரிப்புக்கும் கூண்டின் அடித்தளத்துக்கும் நடுவே இருக்கட்டும். வாரம் ஒருமுறை அகச்சிவப்பு வெப்பமானியால் பாம்பு படுக்கும் இடத்தையே அளந்து பாருங்கள்.

பிரிட்டனில் மின்சாரமும் மூன்று முனைப் பிளக்கும் நம் ஊர் மாதிரியேதான். அமெரிக்காவில் 120 வோல்ட். இங்கிருந்து எடுத்துப்போன கருவி அங்கே உதவாது.

ஈரப்பதம்?

60 முதல் 80 விழுக்காடு. குளிர்நாட்டில் ரேடியேட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு 30-க்கும் இறங்கும். அதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். மேற்பரப்பு நனையும், வயிற்றுச் செதிலில் புண் வரும், இரண்டு மணி நேரத்தில் காற்று மறுபடி காயும். சரியான முறை வேறு. தேங்காய் மட்டைத் துண்டும் நாரும் கலந்து 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குப் பரப்புங்கள். பெரிய கூண்டென்றால் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை நான்கு மூலைகளிலும் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கும், ஈரம் மெல்ல மேலேறும். மேல்மூடி வலையாக இருந்தால் முக்கால்வாசியை அலுமினியத் தாளால் மூடுங்கள், விளக்குக்கு அருகில் மட்டும் வேண்டாம். பைன், சீடார் மரச்சீவல் பயன்படுத்தக்கூடாது. அவற்றின் எண்ணெய் வாடை நுரையீரலைப் பாதிக்கும்.

என்ன தீனி, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

எலி, முழு எலி. கோழித்துண்டு, முட்டை, மீன் எதுவும் சரிவராது. எடைபோடச் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், கிராம் காட்டுவதாக. 200 கிராமுக்குக் கீழுள்ள குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, வாரம் ஒருமுறை. 80 கிராம் குட்டிக்கு 8 முதல் 12 கிராம் சுண்டெலி. அரைக் கிலோவை நெருங்கும்போது பத்து விழுக்காட்டுக்குள், பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. வளர்ந்த பாம்புக்கு ஐந்து விழுக்காடு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒன்றரைக் கிலோப் பெண் பாம்புக்கு 75 கிராம் எலி ஒன்று மூன்று வாரத்துக்குப் போதும். சாப்பிட்டாயா என்று கேட்டுக் கேட்டு ஊட்டும் நம் வழக்கம் இங்கே ஆகாது. கொழுத்த பாம்பின் கல்லீரல்தான் முதலில் கெடும்.

உறைந்த எலியை முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வைத்து உருகவிடுங்கள். மறுநாள் பையில் போட்டு இறுக மூடி, சுடுதண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். எலியின் தலை 38 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும். பாம்பின் உதட்டுக் குழிகள் சூட்டை உணர்பவை. தலை ஆறியிருந்தால் அதற்கு அது எலியே இல்லை. ஈரத்தைத் துடைத்து, நீளமான இடுக்கியால் பிடித்து, சாயங்காலத்துக்குப் பிறகு காட்டுங்கள். மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். உருகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது. உயிரெலி போட்டுவிட்டு உறங்கப் போனால், காலையில் கடிபட்டுக் கிடப்பது பாம்பாக இருக்கலாம்.

தின்ற பிறகு 48 மணி நேரம் தொடாதீர்கள்.

இரண்டு மாதமாகத் தின்னவில்லை. செத்துவிடுமா?

பால் பைத்தான் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் கேட்கும் கேள்வி. வளர்ந்த பாம்பு, முக்கியமாக ஆண், குளிர்காலத்தில் நாலைந்து மாதம் பட்டினி கிடப்பது சாதாரணம். எடையைப் பாருங்கள், நாட்காட்டியை அல்ல. எடை நின்றிருந்தால் பொறுமை. பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மருத்துவர். குட்டி என்றால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

காரணம் தேடும்போது இந்த வரிசையில் பாருங்கள்: சூடு சரியா, பதுங்கிடம் இறுக்கமா, சட்டை உரிக்கப்போகிறதா, தினமும் கையில் எடுக்கிறீர்களா, எலி போதிய சூடா. புதிதாக வந்ததென்றால் முதல் வாரம் முழுக்கத் தனியே விடுங்கள். மறுத்தால் மறுநாளே மறுபடி நீட்ட வேண்டாம். ஏழு முதல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். வாயைத் திறந்து திணிப்பது மருத்துவரின் வேலை.

தின்றதைக் கக்கிவிட்டது.

பெரும்பாலும் எலி பெரிது, அல்லது கூண்டு குளிர், அல்லது தின்றதும் தூக்கிவிட்டீர்கள். 14 நாள் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்று அமிலமும் உணவுக்குழாயும் தேற அவ்வளவு ஆகும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு எலி. இரண்டாம் முறை கக்கினால் மருத்துவரிடம் போங்கள், மலத்தையும் எடுத்துக்கொண்டு.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது.

ஈரப்பதம் போதவில்லை. கண் பால்போல வெளுத்ததும் ஈரத்தைக் கூட்டுங்கள். மூன்று நான்கு நாளில் கண் தெளியும், அதற்குச் சில நாள் கழித்துச் சட்டை ஒரே உறையாகக் கழன்று வர வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால், காற்றுத்துளையுள்ள டப்பாவில் நனைத்துப் பிழிந்த பாசி வைத்து, 30 டிகிரி சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பாம்பை விடுங்கள். பிறகு ஈரத் துணிக்குள் தானாக நுழைந்து போகவிட்டாலே கழன்றுவிடும். வால்நுனியைத் தவறாமல் பாருங்கள். அங்கே வளையமாகத் தங்கிய சட்டை இரத்த ஓட்டத்தை நெரித்து நுனியை அழுகவைக்கும். கண்மேல் தங்கிய மூடியை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்கக்கூடாது. அடுத்த உரிப்பில் வரும், வராவிட்டால் மருத்துவர்.

மூச்சு விடும்போது சத்தம் வருகிறது.

சட்டை உரிக்கும் நாட்களில் மூக்கில் லேசான விசில் வரலாம். ஆனால் வாயைத் திறந்து மூச்சு, மூக்கில் குமிழி, தலையை மேலே தூக்கியே வைத்திருத்தல் என்றால் சுவாசத் தொற்று. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். குளிர்ந்த பக்கத்தையும் இரண்டு டிகிரி கூட்டிவிட்டு, ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றோ மறுநாளோ போங்கள். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டியிருக்கும். பாம்பின் சுவாச உறுப்புகளைத் தாக்கும் செர்பெண்டோ வைரஸுக்கான பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள், முக்கியமாக வீட்டில் வேறு பாம்பும் இருந்தால். அம்மா பெட்டியில் வைத்தனுப்பிய கோடாலித் தைலம் மனிதர்களுக்கு. அதைக் கூண்டருகில் திறக்கவே வேண்டாம்.

தண்ணீர்ப் பாத்திரத்தில் கருப்பாகப் புள்ளிகள் மிதக்கின்றன. பாம்பும் தண்ணீரிலேயே கிடக்கிறது.

பாம்பு உண்ணி. கூண்டின் தரையில் பரப்பிய படுகையை மொத்தமாகப் பையில் கட்டி வெளியே எறியுங்கள், மரச்சாமான்களைக் கொதிநீரில் அலசுங்கள், கூண்டில் வெறும் காகிதத் துண்டு விரியுங்கள். மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு அடிக்கும் மருந்தைக் கணக்கில்லாமல் அடித்துப் பாம்பைக் கொன்றவர்கள் உண்டு. ஒருமுறை அடித்து முடித்துவிட முடியாது. முட்டைகள் கூண்டின் இடுக்குகளில் இருக்கும், அவை பொரிந்து வரும். நான்கு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

கடிக்குமா?

எப்போதாவது. நஞ்சில்லை. பசியில் எலி வாடையுள்ள கையைத் தவறாக நினைப்பதுதான் பெரும்பாலும் காரணம். இழுக்காதீர்கள், பல் பின்னோக்கி வளைந்தவை. தானாக விடும், விடாவிட்டால் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்ட பிறகு எப்போதும் கை கழுவ வேண்டும், சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

படிப்பு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறேன். கூடவே கொண்டுவர வழி உண்டா?

இல்லை. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர முயன்றால் சாங்கியில் முடியும்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஆறு மாதம் முன்பே புதிய வீடு தேடத் தொடங்குங்கள். விற்ற வளர்ப்பாளர் திரும்ப எடுப்பாரா என்று வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. தீனிக் குறிப்பு, எடைக் குறிப்பு, மருத்துவர் சீட்டு, எந்தெந்த மரபணு என்ற விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் நல்ல கைக்குப் போகும். கூண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஸ்பைடர் வகைக்கு ஆள் கிடைப்பது கடினம். அதுவும் வாங்கும்போதே யோசிக்க வேண்டியது.

வீட்டுக்கு அருகே கால்வாயில் மலைப்பாம்பைப் பார்த்தேன். யாராவது வளர்த்து விட்டதா?

கோலம் போட்டதுபோல் வலைப்பின்னலும் பொன்னிறமும் கருப்புமாக இருந்தால் அது இவ்வூரின் சொந்தக்காரர், ரெட்டிக்குலேட்டட் பைத்தான். கால்வாய் வழியே எலி பிடிக்கப் போகிறது. விலகி நில்லுங்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள், அது போய்விடும். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, குட்டையாகவும் தடிமனாகவும் பந்துபோல் சுருண்டும் கிடந்தால் வீட்டிலிருந்து தப்பியதாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் கை வைக்காமல், தொலைவிலிருந்து படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு 1800-476-1600-ஐ அழையுங்கள்.

சிங்கப்பூரிலேயே இருந்துகொண்டு பாம்பைப் பார்த்துப் பழக?

மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தின் ஊர்வனக் காட்சியகமான ரெப்டோப்பியா 2017-இல் திறந்தது. மழைநாளிலும் போகலாம். கண்ணாடிக்கு உள்ளே வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, படுகை எவ்வளவு ஆழம், பாம்பு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று நின்று கவனியுங்கள். அடுத்த ஆண்டு வெளிநாடு போய்க் கூண்டு அமைக்கப்போகிறவர் கையில் ஒரு குறிப்பேடும் எடுத்துப்போகலாம்.